608 பக்க நாவலும் 212 பென்சில் குறிகளும்

கேள்வி: ஏழு ஆண்டுகள் உழைத்து எழுதிய கற்பனைக் காவிய நாவலின் முதற் பாகத்தை இந்த ஆண்டு சொந்தச் செலவில் அச்சிட்டேன். 608 பக்கம், 500 பிரதி. மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் கொடுத்த பிறகுதான் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் தாள்கள்) கைக்கு வந்தது. ஆறு நாள்தான் இருந்தது. நானும் தோழியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பார்த்தோம்; நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். விழா நன்றாக நடந்தது. மூன்றாம் வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், முதல் நூறு பக்கங்களில் 212 இடங்களைப் பென்சிலால் குறித்து, தன் பிரதியை என்னிடம் தந்தார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அச்சகத்தில் கேட்டால் "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். தோழி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மீதமுள்ள 330 பிரதிகளையும் எரித்துவிடலாமா என்றிருக்கிறது. கதை நன்றாக இருந்தால் எழுத்துப்பிழை அவ்வளவு பெரிய குற்றமா? இரண்டாம் பாகமும் எழுதி முடித்துவிட்டேன். அதை என்ன செய்வது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு ஆசிரியரின் பென்சில் பிரதியையும் அனுப்பியிருந்தீர்கள். முழுவதையும் வாசித்த பிறகே எழுதுகிறேன். எரிக்க வேண்டாம். நல்ல நாவல் எழுதியிருக்கிறீர்கள். கடல் பின்வாங்கிய இரவில் மீனவப் பெண்கள் விளக்கோடு நகரத்துக்குள் நடந்து வரும் அத்தியாயத்தை இரண்டு முறை வாசித்தேன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கதை மோசமாக இருந்திருந்தால் பிழைகளைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

கதை நன்றாக இருந்தால் எழுத்துப்பிழை பெரிய குற்றமா என்று கேட்கிறீர்கள். உங்கள் வகை நாவலில் அது பெரிய குற்றம்தான். கொழும்பைப் பற்றிய ஒரு நாவலில் "வெல்லவத்தை" என்று அச்சாகிவிட்டால் வாசகர் முகம் சுளிப்பார், ஆனால் வழிதவற மாட்டார். காலி வீதியும் கடலோர ரயில் பாதையும் அவருக்குத் தெரியும். நூல் பிசகினாலும் ஊர் இருந்த இடத்தில் இருக்கும். உங்கள் ஆழியூருக்கு அப்படி ஒரு துணை இல்லை. அது உங்கள் எழுத்தில் மட்டுமே இருக்கிற ஊர். 31ஆம் பக்கத்தில் அது ஆழியூர். 38ஆம் பக்கத்தில் ஆளியூர். ஆழி என்றால் கடல். ஆளி என்றால் பழைய இலக்கியங்களில் வருகிற, சிங்கம் போன்ற கொடிய விலங்கு. சிறகுள்ள நாகங்கள் பறக்கும் நாவலில் ஆளிகள் வாழும் ஊர் ஒன்று இருக்காதா என்ன? பயணிகள் வேறொரு நகரத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று நம்பிப் பன்னிரண்டு பக்கம் வாசித்தேன். ஒரே ஊர்தான் என்று விளங்கிய பிறகு, நீங்கள் அறிமுகப்படுத்திய ஒவ்வொரு புதுப் பெயரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். உண்மையிலேயே புதுப் பெயர்களாக இருந்தவற்றையும்.

அடுத்தது 47ஆம் பக்கம். காயம்பட்ட தளபதி மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறார். இளவரசன் மண்டியிட்டு, குலத்தின் பழைய வேலைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்கிறான். நூலில் அவன் சொல்வது இது: "வேலை கொடுங்கள்." ஒரு "க்" விழுந்துபோனதால், ஆயுதம் கேட்க வேண்டியவன் உத்தியோகம் கேட்கிறான். "வேலைக் கொடுங்கள்" என்று இருந்திருக்க வேண்டும். நாற்பத்தாறு பக்கம் வளர்த்துக் கொண்டுவந்த துயரம் அந்த ஒரே ஒற்றில் கலைந்துவிடுகிறது. 63ஆம் பக்கத்தில் வீரன் "கலத்தில்" வீழ்கிறான். அங்கே கப்பல் எதுவும் இல்லை, அது போர்க்களம். கணினியின் பிழைதிருத்தி இவற்றைக் காட்டித் தராது. வேலையும் சொல், கலமும் சொல். அகராதியில் இல்லாத பிழையைக் கருவி பிடித்துவிடும். அகராதியில் இருக்கிற பிழைக்கு மனிதக் கண்தான் வேண்டும்.

இனி, உங்கள் நித்திரையைக் கெடுத்த அந்த 212. எண்ணிக்கையைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டீர்கள். வகை பிரித்துப் பார்த்திருந்தால் பாதிப் பாரம் அன்றே இறங்கியிருக்கும். ஒரு பிற்பகல் முழுவதும் இருந்து பிரித்தேன். 118 இடங்களில் பிழை ஒன்றேதான். "வாள்இ வேல்இ வில் அனைத்தையும் கீழே வைத்தார்கள்" என்று வருகிறதே, அந்த "இ". இலங்கையில் தமிழ் அச்சு வேலை பார்த்த எவருக்கும் இதைக் கண்டவுடன் காரணம் விளங்கும். பாமினி எழுத்துருவில் காற்புள்ளிக்கு உரிய விசையை அழுத்தினால் "இ" விழும். காற்புள்ளிக்கு வேறொரு விசை இருக்கிறது. பாமினிக்கும், இன்று எல்லாக் கணினிகளிலும் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கும் இடையில் எழுத்தை மாற்றும்போது ஒழுங்கு தவறினால் நூலிலுள்ள காற்புள்ளிகள் "இ" ஆகிவிடும். இது உங்கள் கையிலிருந்து வந்த பிழை இல்லை. தோழியின் கண்ணுக்குத் தப்பியதாக இருக்கவும் வாய்ப்புக் குறைவு. 118 இடங்களில் வரும் ஒரே பிழையை யாரும் காணாமல் விட மாட்டார்கள். நீங்கள் பார்த்த மெய்ப்பில் அது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கையெழுத்துக்குப் பிறகு, பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் யாரோ எழுத்துருவை மாற்றியிருக்க வேண்டும்.

ஆகவே அலுமாரியைக் கிளறி, நீங்கள் கையெழுத்திட்ட அந்த மெய்ப்புத் தாள்களைத் தேடி எடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் அச்சகத்தில் பிரதி கேளுங்கள். அதில் காற்புள்ளி இருந்து நூலில் "இ" இருந்தால், அச்சகத்தாரின் பதில் அந்த 118க்கும் செல்லாது. கையெழுத்து என்பது அந்தத் தாளில் இருந்ததற்கு நீங்கள் தந்த சம்மதம். அதன் பிறகு மாறியதற்கு மாற்றியவர்தான் பொறுப்பு. சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறு அச்சில் செலவைப் பகிர்ந்துகொள்ளும்படி கேளுங்கள். மெய்ப்பிலேயே "இ" இருந்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. அப்படியானால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த 14 இடங்கள் எல்லாம் ஆளியூர். முதல் எழுத்துப்படியில் ஊருக்கு அந்தப் பெயர்தான் இருந்ததென்றும், ஐந்தாம் ஆண்டில் மாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணினியில் "ஆளியூர்" என்று தேடி எல்லாவற்றையும் மாற்றியிருப்பீர்கள். தப்பிய 14ஐயும் பாருங்கள்: ஆளியூரில், ஆளியூருக்கு, ஆளியூரை. புள்ளி வைத்த "ர்" என்று தேடினால், வேற்றுமை உருபு சேர்ந்து "ரி", "ரு", "ரை" ஆனவை அகப்படுவதில்லை. தமிழில் பெயர் மாற்றும்போது கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேட வேண்டும். "ஆளியூ" என்று தேடியிருந்தால் அத்தனையும் வந்திருக்கும். இன்னொரு இடத்தையும் ஆசிரியர் கவனிக்கவில்லை. நூலின் முன்பக்க வரைபடத்தில், கடற்கரையோரம், அழகான எழுத்தில் "ஆளியூர்" என்றே இருக்கிறது. வரைபடம் ஒரு படம், எந்தத் தேடலும் அதற்குள் போகாது. கற்பனை உலக நாவல்களில் வரைபடத்தைத் தனியாக, கதையோடு ஒப்பிட்டு, பெயர் பெயராகப் பார்க்க வேண்டும்.

ஒன்பது இடங்களில் ஒரே வரி இரண்டு முறை வருகிறது, அல்லது வரி பாதியில் நிற்கிறது. இவை திருத்தம் செய்யும்போது புதிதாகப் பிறந்த பிழைகள். முதல் மெய்ப்பில் குறித்ததைச் சரிசெய்தபோது பக்கத்து வரி குலைந்திருக்கிறது. அதனால்தான் இரண்டாம் மெய்ப்பு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

எஞ்சிய 71தான் நீங்கள் வருந்த வேண்டியவை. ஒற்று விட்டவை, ரகர றகரம், லகர ளகர ழகரம் மாறியவை. 212 என்று பார்த்தபோது இருந்த பயம் 71 என்று பார்க்கும்போது இருக்காது.

உங்கள் துயரம் எனக்கு வெளியாருடைய துயரம் அல்ல. கொழும்பில் ஒரு நாளேட்டில் ஒப்புநோக்காளராக, அதாவது மெய்ப்புப் பார்ப்பவராகத் தொடங்கி, ஈய எழுத்தும் கணினியும் பார்த்து, பிறகு நூல்களுக்கு வந்தவன் நான். நூல் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தேன். கவிதைகளை வரி வரியாக, வாய்விட்டு, நான்கு முறை வாசித்தேன். நூல் வந்தது. காணிக்கைப் பக்கத்தில், வெள்ளைத் தாளின் நடுவே, பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: "அம்மவுக்கு". கவிஞரின் தாயார் அந்த ஆண்டுதான் காலமாகியிருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பேனா எடுத்து, 300 பிரதிகளிலும், ஒவ்வொன்றாக, விடுபட்ட அந்தத் துணைக்காலைத் தானே போட்டார். அடுத்த கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்த நூலானாலும் தலைப்பு, காணிக்கை, அத்தியாயப் பெயர், பக்க எண், பின்னட்டை ஆகியவற்றை வேறொரு நாளில், வேறு எதையும் வாசிக்காமல் பார்க்கிறேன். பெரிய எழுத்தைக் கண் வாசிப்பதில்லை, அடையாளம் கண்டுவிட்டுத் தாண்டிவிடுகிறது.

உங்கள் தோழிக்கும் அதுதான் நடந்தது. உங்கள் மேல் அன்புள்ளவர், கதையில் ஆர்வமுள்ளவர். இளவரசன் பிழைப்பானா என்று தவித்துக்கொண்டு 304 பக்கங்களை ஆறு நாளில் ஓடியிருக்கிறார். அப்படி ஓடுபவரின் மனம், விழுந்த எழுத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போகும். எழுதியவருக்கும் அதே கதிதான். இருவரும் பாதி பாதியாகப் பிரித்ததால், முதல் பாதியில் ஒரு பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இரண்டாம் பாதியைப் பார்த்தவருக்குத் தெரிய வழியும் இல்லை. அவரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். தொழில் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலையை நட்பின் பேரில் அவர் தலையில் ஏற்றியது உங்கள் தவறு.

எனக்கு நாளொன்றுக்கு 40 பக்கத்துக்கு மேல் கண் நேர்மையாக வேலை செய்யாது. உங்கள் நூலுக்கு அந்தக் கணக்கில் ஒரு சுற்றுக்கே பதினாறு நாள் வேண்டும். நீங்கள் கொடுத்தது ஆறு நாள். நூல் கையில் வராமல் மண்டபம் எடுப்பது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிரதம விருந்தினர், நயவுரை, சிறப்புப் பிரதி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அந்த அவசரத்துக்கு நூல் பலியாகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரின் பதிப்புகளைப் பிழையில்லாத அச்சுக்கு இன்றும் உதாரணம் சொல்கிறோம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் சாத்தியப்பட்டது, இன்று விழாத் தேதிக்காகக் கைவிடப்படுகிறது.

330 பிரதிகளுக்கு வருகிறேன். தாள் என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு 330 நூல்களை எரிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழைய நூல்களில் கடைசியில் "பிழை, திருத்தம்" என்று இரண்டு நிரலில் ஒரு பட்டியல் இருக்கும். அதை அச்சிட அவர்கள் வெட்கப்படவில்லை. நீங்களும் ஒரு தனித் தாள் அடித்து உள்ளே வையுங்கள். 212ஐயும் அதில் போடாதீர்கள், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். பொருளை மாற்றுகிற இருபது, முப்பது இடங்கள் போதும். காற்புள்ளிகளைப் பற்றிப் பட்டியலின் மேலே ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இரண்டு தாள்களை மட்டும் புதிதாக அச்சிட்டு மாற்றிவிடுங்கள்: வரைபடத் தாள், 47ஆம் பக்கத் தாள். பழையதை முதுகோரம் ஒரு விரல்நுனி அகலம் விட்டு வெட்டி, அந்த ஓரத்தில் புதியதை ஒட்ட வேண்டும். நல்ல நூல் கட்டுநர் ஒருவர் செய்தால் வாசகர் கண்டுபிடிக்க மாட்டார். 330 பிரதிக்கு இரண்டு மூன்று நாள் வேலை. ஏற்கெனவே வாங்கிய 170 பேரில் முகவரி தெரிந்தவர்களுக்குத் திருத்தத் தாளை அனுப்புங்கள்.

கணினியில் உள்ள மூலத்தையும் இப்போதே திருத்துங்கள். "இ"யை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள், இளவரசனே காணாமற்போவான். "இ"க்கு அடுத்து இடைவெளி வரும் இடங்களை மட்டும் தேடுங்கள். தமிழில் தனி "இ" சொல்லின் கடைசியில் வருவதில்லை, ஆகவே அப்படி வருவதெல்லாம் அநேகமாகப் பிழைதான். மறு அச்சுக்குப் புதிய ஐ.எஸ்.பி.என். (நூலின் சர்வதேச அடையாள இலக்கம்) தேவையில்லை. எழுத்துப்பிழை திருத்தினால் அது அதே பதிப்பின் மறு அச்சு. பழைய இலக்கமே இருக்கலாம். அத்தியாயம் சேர்த்தால், கதையை மாற்றினால் அது இரண்டாம் பதிப்பு. அதற்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் புதிய இலக்கம் எடுக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தை அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். ஆள், ஊர், ஆறு, ஆயுதம், மந்திரச் சொல், விழா என்று நீங்கள் படைத்த ஒவ்வொரு பெயரையும் முதற் பாகத்தில் வரும் அதே எழுத்தில், பக்க எண்ணோடு எழுதுங்கள். ஆட்களுக்கு நேரே வயது, கண் நிறம், எந்தக் கையில் காயம், எந்த நாளில் இறந்தார் என்றும் குறியுங்கள். (வடக்கு வாயிற்காவலன் 212ஆம் பக்கத்தில் இறந்து 340ஆம் பக்கத்தில் கதவு திறக்கிறான், ஆசிரியர் அந்தப் பக்கத்துக்குப் பென்சிலோடு வரவில்லை.) மெய்ப்புப் பார்ப்பவரிடம் இந்தக் கொப்பியையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்று உண்டு. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ஆங்கிலக் கற்பனைக் காவிய நாவல் "த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" 1954இல் அச்சேறியபோது, அவர் வேண்டுமென்றே எழுதிய "ட்வார்வ்ஸ்" (குள்ளர்கள்) என்ற சொல்லை அச்சகத்தார் அகராதிப்படி "ட்வார்ஃப்ஸ்" என்றும், "எல்வன்" என்பதை "எல்ஃபின்" என்றும் திருத்திவிட்டார்கள். அவர் மெய்ப்பில் போராடித் தன் சொற்களை மீட்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2004இல் வந்த பதிப்பிலும் முந்நூறுக்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன. உங்கள் நாவலில் காற்றைக் குறிக்க "வளியன்" என்று ஒரு சொல் செய்திருக்கிறீர்கள். அக்கறையுள்ள எந்த ஒப்புநோக்காளரும் கொப்பி இல்லாவிட்டால் அதை "வலியன்" ஆக்கிவிடலாம்.

மெய்ப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளில் பார்க்க வேண்டும். பழைய அச்சகங்களில் அப்படித்தான் நடந்தது. வாய்விட்டு வாசித்தால் "வேலை கொடுங்கள்" காதில் உறுத்தும். இருவருக்கும் கூலி கொடுங்கள், வெளியீட்டு விழாவுக்கு ஒதுக்குகிற தொகையில் ஒரு பங்காவது. கடைசித் திருத்தம் முடிந்து, அச்சுக்குப் போகும் அதே கோப்பிலிருந்து எடுத்த தாளில் மட்டும் கையெழுத்திடுங்கள். மண்டபத்தை அதன் பிறகு பதிவு செய்யலாம்.

அந்த ஆசிரியரிடம் கேளுங்கள், மெய்ப்புப் பார்ப்பாரா என்று. அவர் மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவருடைய பிரதியை நீங்கள் சரியாகப் புரட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பென்சில் நூறாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் 583ஆம் பக்கத்தில், அடையாளத்துக்காக மடித்து வைத்த ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது. அதற்கு முந்திய பக்கத்தில் மூன்று "இ" இருக்கின்றன. ஒன்றையும் அவர் குறிக்கவில்லை. டிக்கெட்டை அங்கேயே விட்டு நூலைத் திருப்பி அனுப்புகிறேன். அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னும் இருபத்தைந்து பக்கம் அவருக்கு மிச்சம் இருக்கிறது.